அத்தியாயம் 9: லைன் வந்துவிட்டது, இன்னும் திரும்பாதீர்கள்

முந்தைய அத்தியாயங்களில் சொன்ன ஏற்பாடுகளைச் செய்து வைத்திருந்தால், பிரதான இணைப்பு விழுந்ததும் உங்கள் அலுவலகத் தொலைபேசி தானாகவே மாற்று வழிக்குத் தாவியிருக்கும். மணி அடிக்கிறது, வரவேற்பில் இருப்பவர் எடுக்கிறார், வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாலானோரின் திட்டம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மாற்று வழியிலிருந்து பழைய வழிக்கு எப்படித் திரும்புவது என்று எழுதிவைத்திருக்கும் சிறுவணிகத்தைக் காண்பது அரிது.

திரும்புவதுதான் கூடுதல் கவனம் கேட்கும் வேலை. விழும்போது நமக்குத் தெரிவு இல்லை. எந்த நேரத்தில், யாருடைய அழைப்பின் நடுவில் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. திரும்பும்போது நேரமும் ஒழுங்கும் முழுக்க நம் கையில் இருக்கின்றன. அந்த வசதியைக் கைவிட்டு, சர்வரில் பச்சை விளக்கைப் பார்த்ததும் அவசரமாக மாறுகிறவர்கள் ஒரே நாளில் இரண்டாவது தடவையும் தொலைபேசியை இழக்கிறார்கள். முதல் தடவை விழுந்ததை வாடிக்கையாளர் மன்னிப்பார், ஊரெல்லாம் விழுந்திருக்கும். இரண்டாவது தடவை உங்கள் கடை மட்டும்தான் விழுந்திருக்கும்.

2022 ஜூலை 8

ரொறன்ரோவில் வணிகம் நடத்தும் எவருக்கும் இந்தத் திகதி நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை அதிகாலை 4:45 மணியளவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் கைபேசி, இணையம், வீட்டுத் தொலைபேசி மூன்றும் நாடு முழுவதும் ஒன்றாக நின்றன. மையப் பிணையத்தை மேம்படுத்தும் வேலையின்போது, விநியோக ரவுட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அது தடுத்து வைத்திருந்த வழித்தடத் தகவல்கள் மைய ரவுட்டர்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்து அவற்றைத் திணறடித்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். இன்டராக் டெபிட் அட்டைகள் வேலை செய்யவில்லை. பலருக்கு 911 கிடைக்கவில்லை. ஸ்காபரோவில் வளர்ந்த பாடகர் த வீக்கெண்ட் அன்று மாலை ரோஜர்ஸ் சென்டரில் நடத்தவிருந்த இசை நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. சேவை பெரும்பாலும் மீள ஒரு நாளுக்கு மேல் ஆனது.

கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசிக்காகச் சோனா பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் இந்த விபத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதியது. அதன் சுருக்கம் 2024 ஜூலையில் வெளியானது. தொலைபேசி சர்வர் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் சிறிய அலுவலகமும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று இருப்பதாக நான் நினைக்கிறேன்.

முதலாவது, பிணையத்தைத் திருத்தப் பயன்படும் வழியும் அதே பிணையத்தின்மேல்தான் ஓடியது. அது விழுந்ததும், திருத்த வேண்டிய பொறியாளர்களால் ரவுட்டர்களுக்குள் நுழைய முடியவில்லை. அவர்களில் பலருடைய கைபேசிகளும் ரோஜர்ஸ் இணைப்புகளே என்பதால் ஒருவரோடு ஒருவர் கதைப்பதே சிரமமாயிற்று. காரணம் எதுவென்று கண்டுபிடிக்கச் சுமார் 14 மணி நேரம் போனது. உங்கள் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். தொலைபேசி சர்வருக்குள் நுழைய வீட்டிலிருந்து பயன்படுத்தும் விபிஎன், அதே அலுவலக இணையத்தின் வழியாகத்தானே போகிறது? சேவை வழங்குநரின் தளத்துக்குள் நுழையக் கேட்கும் சரிபார்ப்பு எண், விழுந்துபோன அதே அலுவலக எண்ணுக்குத்தானே அழைப்பாக வருகிறது? பிந்தையது பல இடங்களில் இருக்கிறது. இன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அந்த மேம்படுத்தல் ஏழு கட்டங்களாகத் திட்டமிடப்பட்டிருந்தது, விபத்து ஆறாவது கட்டத்தில் நடந்தது. முந்தைய கட்டங்கள் சிக்கலின்றி முடிந்ததால், ஆபத்து குறைவு என்று அதை மதிப்பிட்டுவிட்டார்கள். சென்ற தடவை பிரச்சினை இல்லாமல் திரும்பினோம் என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வொரு திரும்பலையும் முதல் தடவையாகவே நினைத்துச் செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் இந்த அத்தியாயத்துக்கு நேரடியாக உரியது. ரோஜர்ஸ் ஒரே அடியாகச் சேவையைத் திறந்துவிடவில்லை, போக்குவரத்தைப் படிப்படியாக ஏற்றியது. பெரும்பாலானோருக்குச் சேவை வந்த பிறகும் சிலருக்கு இணைப்பு வந்தும் போயும் இருந்தது. ரோஜர்ஸ் இணையமும், மாற்றாக வேறு நிறுவனத்தின் எல்டிஇ இணைப்பும் வைத்திருந்த அலுவலகங்கள் விழும் நேரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் தானியங்கித் திரும்பலை இயக்கி வைத்திருந்தவைதான் இந்த வந்துபோகும் கட்டத்தில் மாட்டின. இணைப்பு ஒவ்வொரு தடவை தலைகாட்டும்போதும் ரவுட்டர் பழைய வழிக்கு ஓடும், போகும்போது எல்டிஇக்கு ஓடும், நடுவில் இருந்த அழைப்புகள் அத்தனையும் அறுந்துபோகும்.

தாவுவது தானாக, திரும்புவது கையால்

ஆகவே இந்த நூலின் விதி இது: மாற்றுக்குத் தாவுவதை இயந்திரத்திடம் விடுங்கள், திரும்புவதை ஒரு மனிதர் முடிவு செய்யட்டும்.

பெரும்பாலான அமைப்புகளில் இதற்கு வசதி இருக்கிறது, ஆனால் தொழிற்சாலை அமைப்பில் தானாகத் திரும்பும்படியே வரும். இரண்டு சர்வர்களுக்கு நடுவே ஒரே ஐபி முகவரியை மாற்றிக்கொடுக்கும் கீப்அலைவ்ட் மென்பொருளில் நோபிரீஎம்ப்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், மூல சர்வர் எழுந்தாலும் பதவியைப் பறிக்காமல் காத்திருக்கும். அந்தச் சொல் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு சர்வர்களின் தொடக்க நிலையையும் பேக்கப் என்றே எழுத வேண்டும். ஒன்றை மாஸ்டர் என்று விட்டால் பயன் இல்லை. பேஸ்மேக்கர் பயன்படுத்துகிறவர்கள் ஸ்டிக்கினெஸ் மதிப்பை உயர்த்தினால் அதே பலன் கிடைக்கும். கிளை அலுவலகத்தில் சிஸ்கோவின் எஸ்ஆர்எஸ்டி இருந்தால், தலைமை சர்வர் மீண்டும் தெரிந்த பிறகு ஃபோன்கள் இயல்பாக 120 விநாடிகள்தான் காத்திருக்கும். தடுமாறும் லைனுக்கு 120 விநாடி போதவே போதாது. அந்த மதிப்பைத் தாராளமாகக் கூட்டிவையுங்கள். இரட்டை இணைய ரவுட்டர்களில் இதே அமைப்பு வெவ்வேறு பெயர்களில் இருக்கும். பெயர் தெரியாவிட்டால், பிரதான லைன் திரும்பி வந்த பிறகு எத்தனை நிமிடம் பொறுப்பாய் என்று கேட்கும் பெட்டியைத் தேடுங்கள்.

எவ்வளவு காலம் பொறுப்பது? என் அளவுகோல், ஒரு முழு வேலைநாள். பிரதான லைன் அந்த நாள் முழுக்க, நெரிசல் நேரம் உட்பட, ஒரு தடவையும் விழாமல் இருக்க வேண்டும். அதோடு, ஏன் விழுந்தது என்பதற்கு ஒரே ஒரு வாக்கியத்திலாவது பதில் தெரிந்திருக்க வேண்டும். “தானாக வந்துவிட்டது” என்பது பதில் ஆகாது. தானாக வந்தது தானாகப் போகும். மாற்று வழி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு நாள் பொறுப்பதால் கூடுவது எல்டிஇ டேட்டாவின் கட்டணம் மட்டுமே.

மின்வெட்டால் விழுந்திருந்தால் ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் ரொறன்ரோ ஹைட்ரோவின் சுமார் 3 லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். சிலருக்கு நத்தார் தாண்டியும் வரவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் வந்தாலும் மறுபடி போகலாம். யுபிஎஸ் பேட்டரி வெறுமையாகியிருந்தால் முழுதாக ஏறச் சில மணி நேரம் ஆகும். அது ஏறும் முன் திரும்பினால், அடுத்த மின்வெட்டில் சர்வர் ஒழுங்காக அணையக்கூட நேரமின்றி விழும். யுபிஎஸ் திரையில் 100 என்று காட்டும் வரை மாற்றிலேயே இருங்கள்.

மாற்றில் சேர்ந்தவை

மார்க்கம் வீதியில் ஒரு பல் மருத்துவமனை. புதன்கிழமை விழுந்த லைன் வியாழனே வந்துவிட்டது. ஞாயிறு காலை, மருத்துவமனை மூடியிருக்கும் நேரத்தில் திரும்புவது என்று முடிவு செய்திருந்தோம். சாவியோடு வந்திருந்த வரவேற்புப் பொறுப்பாளர் அக்கா கேட்டார்: “தம்பி, இப்ப எல்லாம் வேலை செய்யுதுதானே, பிறகு ஏன் கை வைக்கிறியள்?”

நியாயமான கேள்வி. பதிலாக அவருடைய ஃபோனைக் காட்டினேன். மேல் மூலையில் வொய்ஸ்மெயிலுக்கான சிறிய சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மாலை யாரோ செய்தி விட்டிருந்தார்கள். அந்தச் செய்தி மாற்று சர்வரில் இருக்கிறது. அந்த ஃபோனை மட்டும் மூல சர்வருக்கு மாற்றிக் காட்டியதும் விளக்கு அணைந்தது. செய்தி அழியவில்லை. புதிதாக இணைந்த சர்வரிடம் அப்படி ஒரு செய்தி இல்லை, அதனால் அது விளக்கை அணைத்துவிட்டது. திங்கள் காலை அந்த இருக்கையில் வந்து உட்காருகிறவர் விளக்கு எரியவில்லை என்று நிம்மதியாக வேலையைத் தொடங்குவார். பல்வலியோடு செய்தி விட்டவர் வீட்டில் காத்திருப்பார். எடுக்காத அழைப்பையாவது வாடிக்கையாளர் திரும்ப எடுப்பார். செய்தி விட்டவர் பதில் வரும் என்று நம்பிக் காத்திருக்கிறார். அந்த அக்கா உடனே ஒரு தாளை எடுத்து, மாற்றில் இருந்த செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கினார். சிறிய அலுவலகத்துக்கு அதைவிட நம்பகமான முறை கிடையாது.

மாற்று வழியில் ஓடிய நாட்களில் அங்கே சேர்வது வொய்ஸ்மெயில் மட்டும் அல்ல. அழைப்புப் பதிவுகள் சேரும். காப்புறுதி முகவர்களுக்கும் அடமானக் கடன் ஆலோசகர்களுக்கும் அவை தேவைப்படும். யார் எப்போது அழைத்தார் என்ற பட்டியல் சேரும். நேரத்துக்குக் கட்டணம் எழுதும் சட்டத்தரணி அலுவலகத்தில் அந்தப் பட்டியல் காசு. யாரோ தன் எக்ஸ்டென்ஷனைக் கைபேசிக்குத் திருப்பியிருப்பார், இன்னொருவர் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார், புதிதாக வேலைக்கு வந்தவருக்கு எக்ஸ்டென்ஷன் கொடுத்திருப்பீர்கள். இவை எதுவும் மூல சர்வருக்குத் தெரியாது. அது விழுந்த கணத்திலேயே உறைந்து நிற்கிறது.

அந்த உறைந்த நிலையே தனி ஆபத்து. அலுவலகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொத்தான் அழுத்தி மாற்றும் வழக்கம் உங்களுக்கு இருக்கலாம். சர்வர் இரவு 2 மணிக்கு விழுந்திருந்தால் அது “மூடியிருக்கிறது” என்ற நிலையிலேயே எழும். நண்பகலில் அழைப்பவருக்கும் அலுவலகம் மூடியிருப்பதாகவே சொல்லும். நத்தார் வாரத்தில் விழுந்திருந்தால் ஜனவரியிலும் நத்தார் வாழ்த்து ஒலிக்கும். நெடுநாள் அணைந்து கிடந்த சர்வரில் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் என்றால் அதன் ஆயுள் அதிகபட்சம் 90 நாள்தான்.

இரண்டு சர்வர்கள் ஒரே தரவைப் பகிரும் பெரிய அமைப்பில் இது இன்னும் கடுமையாகும். தொலைபேசிக்கு வெளியே நடந்த ஒரு சம்பவம் இதைத் தெளிவாகக் காட்டும். 2018 அக்டோபர் 21 அன்று மென்பொருள் சேமிப்புத் தளமான கிட்ஹப்பில் இரண்டு மையங்களுக்கு இடையிலான தொடர்பு 43 விநாடிகள் அறுந்தது. அதற்குள் தரவுத்தளத்தின் தலைமை இன்னொரு மையத்துக்குத் தாவிவிட்டது. பழைய இடத்தில் எழுதப்பட்ட சில பதிவுகள் புதிய இடத்துக்குப் போயிருக்கவில்லை, புதிய இடத்தில் எழுதப்பட்டவை பழைய இடத்தில் இல்லை. இரண்டையும் இழக்காமல் சேர்த்து முழுச் சேவைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது. வேகமாகத் திரும்பியிருக்க அவர்களால் முடியும், தரவை இழக்க வேண்டியிருந்திருக்கும். அவர்கள் பொறுத்திருந்தார்கள். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

நமக்கு இதன் பொருள்: மூல சர்வரை எழுப்பும்போது தலைவராக எழுப்பாதீர்கள். பிணைய வயரைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். அது தன்னை இரண்டாம் நிலையாக ஏற்கிறதா என்று பார்த்த பிறகு வயரைச் செருகுங்கள். மாற்றில் உள்ள தரவு முழுதாக இதற்குள் வந்து சேரட்டும். அதன் பிறகுதான் பதவி மாற்றம். இரண்டும் ஒரே நேரத்தில் “நானே தலைவர்” என்று எழுந்தால், பாதி ஃபோன்கள் ஒன்றிலும் பாதி மற்றதிலும் பதிவாகும், பக்கத்து மேசையை அழைத்தால்கூட மணி அடிக்காது. தொடங்கும் முன் இரண்டு சர்வர்களையும் முழு பேக்கப் எடுத்து அலுவலகத்துக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள்.

எந்த நேரம்

நள்ளிரவில் செய்யுங்கள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். ரொறன்ரோத் தமிழ் வணிகம் பலவற்றுக்கு நள்ளிரவு அமைதியான நேரம் அல்ல. கோடையில் யாழ்ப்பாணமும் சென்னையும் நம்மைவிட 9½ மணி நேரம் முன்னே, குளிர்காலத்தில் 10½ மணி நேரம். இங்கே இரவு 1 மணி என்றால் கோடையில் அங்கே காலை 10:30, வேலை சூடாக நடக்கும் நேரம். பயண முகவர், குடிவரவு ஆலோசகர், காசு அனுப்பும் நிறுவனம் ஆகியோருக்கு ஊரிலிருந்து வரும் அழைப்புகள் அந்த நேரத்தில்தான் வரும். மளிகைக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் சனி, ஞாயிறுதான் நெரிசல். வானொலியில் விளம்பரம் போகும் நேரத்தை ஒட்டி அழைப்புகள் குவியும்.

கடந்த மாதத்து அழைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்த நாளில் எந்த மணியில் அழைப்பு மிகக் குறைவு என்று அது சொல்லிவிடும். சாப்பாட்டுக் கடைக்குச் செவ்வாய் அதிகாலை என்று வரலாம், பல் மருத்துவமனைக்கு ஞாயிறு என்று வரலாம். வெள்ளி மாலை மட்டும் வேண்டாம். ஏதாவது பிழைத்தால் சேவை வழங்குநரிடம் திறமையான ஆள் கிடைக்கத் திங்கள் ஆகிவிடும்.

எந்த ஒழுங்கு

முதலில் உள்ளே வரும் அழைப்புகளுக்கு ஒரு தற்காலிக இடம் கொடுங்கள். சேவை வழங்குநரின் தளத்தில் உங்கள் பிரதான எண்ணை ஒரு கைபேசிக்குத் திருப்பி, அதை எடுக்க ஒருவரை உட்கார வையுங்கள். நாம் கை வைக்கும் அரை மணி நேரத்தில் வருகிறவருக்கு மனிதக் குரல் கேட்கும். தமிழ் வணிகக் கையேடுகளிலும் சுவர்க் காலண்டர்களிலும் அச்சாகி, மக்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் 416 எண் அது. அந்த எண் ஒரு நிமிடமும் ஊமையாகக் கூடாது.

பிறகு ஃபோன்களை மூல சர்வருக்கு மாற்றுங்கள். ஒரு ஃபோன் தன் பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளி பல அமைப்புகளில் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். மாற்று சர்வர் உயிரோடு பதிலளித்துக்கொண்டிருந்தால் அது வரை ஃபோன் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முந்தைய நாளே அந்த இடைவெளியை 120 விநாடியாகக் குறைத்து வையுங்கள், டிஎன்எஸ் வழியாக மாற்றுகிறவர்கள் அதன் ஆயுளையும் குறைத்து வையுங்கள். நடந்துகொண்டிருக்கும் அழைப்பை அறுக்காதீர்கள். புதிய அழைப்புகளை மாற்று சர்வர் ஏற்காதபடி செய்துவிட்டு, இருக்கும் அழைப்பு தானாக முடியும் வரை காத்திருங்கள். பன்னிரண்டு ஃபோன் உள்ள அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றலாம். இருநூறு ஃபோன் உள்ள இடத்தில் தளம் தளமாக மாற்றுங்கள். எல்லாம் ஒரே விநாடியில் கதவைத் தட்டினால், இப்போதுதான் எழுந்த சர்வர் மறுபடி படுத்துவிடும்.

மேசைக்கு மேசை அழைத்துப் பார்த்துச் சரியானதும் வெளியே போகும் அழைப்பு. அதுவும் சரியானதும், கடைசியாக, கைபேசிக்குத் திருப்பிய பிரதான எண்ணை மூல சர்வருக்குக் கொண்டுவாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெளி அழைப்பை முதலில் உள்ளே விட்டுவிட்டு, எடுக்க ஃபோன் இல்லாமல் நிற்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி வரும் கோளாறு, ஒரு பக்கக் குரல். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை. காரணம் பெரும்பாலும் சர்வரில் இருக்காது, ஃபயர்வாலில் இருக்கும். எல்டிஇயில் ஓடிய நாட்களில் ஒவ்வொரு ஃபோனும் அந்த வழியாக ஒரு பாதையைத் திறந்து வைத்திருக்கிறது. பயன்படுத்தாத பாதையை ஃபயர்வால் தானே மூடிவிடும். ஆனால் ஃபோன்கள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சிறு சைகை அனுப்பிக்கொண்டே இருப்பதால் இந்தப் பாதை மூடுவதே இல்லை. பிரதான லைன் வந்த பிறகும் பேச்சு பழைய எல்டிஇ வழியாகவே போகப் பார்க்கும். ஃபயர்வாலின் இணைப்புப் பட்டியலை அழித்துவிடுங்கள். அது தெரியாவிட்டால் ஃபோன்களை ஒரு தடவை அணைத்து, பாதை மூட நேரம் கொடுத்து, மறுபடி போடுங்கள். சேவை வழங்குநர் உங்களை ஐபி முகவரி வைத்து அடையாளம் காண்கிறார் என்றால், விழுந்து எழுந்த பிறகும் அதே முகவரிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

911

இதை விட்டுவிட்டு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போக யாருக்கும் உரிமை இல்லை.

கனடாவில் இணையத் தொலைபேசியின் 911 அழைப்பு பல சேவைகளில் முதலில் ஒரு இடைநிலை இயக்குநரிடம் போகும். அவர் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு உரிய மையத்துக்கு மாற்றுவார். அழைத்தவரால் பேச முடியாவிட்டால், கணக்கில் பதிவான முகவரியை வைத்துத்தான் உதவி அனுப்புவார்கள். மார்க்கம் வீதியும் ஸ்டீல்ஸும் சந்திக்கும் பகுதியைப் பாருங்கள். ஸ்டீல்ஸின் தெற்குப் பக்கம் ரொறன்ரோ, அங்கே 911ஐ எடுப்பது ரொறன்ரோ காவல்துறை. வடக்குப் பக்கம் மார்க்கம், அங்கே யோர்க் பிராந்தியக் காவல்துறை. தெற்கே கடையும் வடக்கே கிளையும் வைத்திருக்கும் ஒருவர், கிளையின் லைனை மாற்றாகப் பயன்படுத்தியிருந்தால், அந்த நாட்களில் 911 அழைப்பு கிளையின் முகவரியோடு போயிருக்கும். திரும்பியதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பதிவான முகவரி, கட்டட இலக்கம், அறை இலக்கம் வரை சரியாக இருக்கிறதா என்று சேவை வழங்குநரின் தளத்தில் பாருங்கள். சோதிப்பதற்காக 911ஐ அழைக்காதீர்கள். முகவரியைச் சரிபார்க்கச் சோதனை எண் உண்டா என்று வழங்குநரிடம் கேளுங்கள்.

சோதனை அழைப்புகள்

“ஹலோ கேட்குதா, சரி வைக்கிறேன்” என்ற சோதனை எதையும் நிரூபிக்காது. அழைப்பு எடுக்கப்பட்டதை உறுதிசெய்யும் சிறு சைகை வழியில் தொலைந்தால், பேச்சு நன்றாகவே தொடங்கும், 32 விநாடியில் அறுந்துபோகும். இணையத் தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் நெறிமுறையின் காத்திருப்புக் காலம் அது. ஆகவே ஒவ்வொரு சோதனை அழைப்பும் ஒரு நிமிடமாவது நீள வேண்டும். இன்னொரு கெடு 15 நிமிடத்தில் இருக்கிறது. அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கடிகாரத்தின் வழமையான காலம் 1800 விநாடி, பாதியில் புதுப்பிப்பு நடக்கும். அந்தப் புதுப்பிப்பு ஃபயர்வாலில் மாட்டிக்கொண்டால் நீண்ட அழைப்புகள் மட்டும் அறுந்துகொண்டிருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. ஒரு அழைப்பையாவது திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள், 20 நிமிடம் கழித்து அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ரோஜர்ஸ், பெல், டெலஸ் கைபேசி ஒவ்வொன்றிலிருந்தும் உள்ளே அழையுங்கள். அவை வெவ்வேறு வழியாக வருகின்றன. முடிந்தால் ஊரிலிருந்து ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். வெளியே அழைக்கும்போது எதிர்முனையில் உங்கள் பிரதான எண் தெரிகிறதா என்று கேளுங்கள். 2021 நவம்பர் 30 முதல் கனடாவில் அழைப்பெண்ணைச் சான்றுறுதி செய்யும் ஸ்டிர்-ஷேக்கன் முறை நடைமுறையில் இருக்கிறது. உங்கள் எண்ணை வைத்திருக்காத வேறு நிறுவனத்தின் வழியாக அழைத்த நாட்களில் சான்றின் தரம் குறைந்திருக்கும், சிலர் சந்தேகத்தில் எடுக்காமலும் விட்டிருப்பார்கள். மருத்துவமனையும் மருந்தகமும் தொலைநகலை மறக்கக் கூடாது. ஒன்ராறியோவில் மருத்துவக் கடிதங்கள் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. ஒரு பக்கம் போனால் போதாது, ஐந்தாறு பக்கம் அனுப்பிப் பாருங்கள். கள்வர் எச்சரிக்கைப் பெட்டியும் மின்தூக்கியின் அவசரத் தொலைபேசியும் அதே லைனில் இருந்தால் அவற்றையும்.

கழற்ற மறப்பவை

அவசரத்தில் கட்டியவற்றைக் கழற்றுவதுதான் மிச்சம். தற்காலிகமாகக் கைபேசிக்குத் திருப்பிய எண்தான் அதிகம் மறக்கப்படுவது. அலுவலகம் பழையபடி ஓடுவதாக எல்லோரும் நினைத்திருக்க, ஒரு எண் மட்டும் விடுமுறையில் ஊருக்குப் போனவரின் கைபேசிக்கு அடித்துக்கொண்டிருக்கும். பெல்லின் பழைய லைன்களில் *72 அழுத்தித் திருப்பியிருந்தால் *73 அழுத்தினால் நீங்கும். தளத்தின் வழியாகத் திருப்பியிருந்தால் அங்கேதான் நீக்க வேண்டும், ஃபோனிலிருந்து நீக்க முடியாது. இரண்டு இடத்திலும் திருப்பியிருப்பவர்களும் உண்டு.

ஃபயர்வாலில் அவசரத்துக்குத் திறந்த கதவுகளை அன்றே மூடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த எளிய கடவுச்சொல்லை மாற்றுங்கள். திறந்து கிடக்கும் தொலைபேசி சர்வரைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் வழியாக வெளிநாட்டுக்கு அழைத்துக் காசு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். 120 விநாடியாகக் குறைத்த இடைவெளியைப் பழைய மதிப்புக்கு உயர்த்துங்கள். இவை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க முடியாது. லைன் விழுந்த நாளிலேயே ஒரு தாளை சர்வர் அலமாரிக் கதவில் ஒட்டி, என்ன மாற்றினோம், யார் மாற்றினார், எந்த நேரம் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். திரும்பும் நாளில் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றையும் நீக்கி வெட்டிக்கொண்டு வாருங்கள்.

மாற்று சர்வரை உடனே அணைக்காதீர்கள். ஒரு வாரம் அதை இரண்டாம் நிலையில் ஓடவிடுங்கள். மூல சர்வரிலிருந்து தரவு அதற்குப் போய்ச் சேர்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள். எல்டிஇ சிம்மில் மாதத்து டேட்டா தீர்ந்திருந்தால் நிரப்புங்கள். அந்த வாரத்தின் முடிவில், அழைப்பு குறைவான அதே நேரத்தில், பிரதான லைனின் வயரை நீங்களே கழற்றிப் பாருங்கள். ஃபோன்கள் மாற்றுக்குத் தாவுகின்றன என்று கண்ணால் கண்ட பிறகு, மேலே சொன்ன ஒழுங்கிலேயே மறுபடி திரும்புங்கள். இந்தத் தடவை அந்தத் தாளில் எழுத வேண்டியது இரண்டு நேரங்கள் மட்டுமே: வயரைக் கழற்றிய நேரம், கடைசிச் சோதனை அழைப்பு முடிந்த நேரம்.